ஓட்டாஞ்சில்லும் ஒரு படிப்பா?

“வரலாறு படித்தால் வயிறு நிறையுமா?” – மகன் பட்டப்படிப்புக்கு வரலாறு கேட்டதும் தோழர்கள் சிலர் சீறுகின்றனர். கூலிக்காரன் கவலை நாம் அறியாததா! எனினும் கேளுங்கள்.

1876இல் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்கே கொண்டுபோனார். தடுத்துக் காத்திட நம்மவர் யார் இருந்தார்?

மதுரையை அடுத்த கீழடியில் பானை ஓடொன்றில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறியிருக்கிறது. எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம் என்று எழுதி எண்ணிடாவிட்டால், பாதிக் கதை மண்ணோடு போயிற்று! எண்ணிடுவது, மண் துடைப்பது, உடைந்ததை ஒட்டுவது, பெயர்ச்சீட்டு எழுதுவது – இதற்குத்தான் அருங்காட்சியகவியல் என்று பெரிய பெயர். பாதிக்குமேல் கைவேலை, தோழர்களே, நமக்குப் புதிதா?

கீழடியிலேயே 2023இல் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. அங்கே நம் பிள்ளை வாயிற்காவலனாகத்தான் நிற்கவேண்டுமா? காப்பாட்சியராக அமரக்கூடாதா? விண்ணப்பத்தை நீட்டுகிறான், கையெழுத்துப் போடுங்கள்!