அட்டையின் உமிழ்நீரும் கந்தகமும்

அட்டை கடித்த இடத்தில் குருதி எளிதில் உறைவதில்லை என்பதை நம்மிற் பலர் நேரிற் கண்டிருப்போம். 1884-ஆம் ஆண்டில் ஹேய்கிராப்ட் என்னும் அறிஞர், மருத்துவ அட்டையின் வாய்ச்சுரப்பில் குருதி உறைதலைத் தடுக்கும் பொருளொன்று உண்டெனக் காட்டினார். ஹிருடின் எனப் பிற்காலத்திற் பெயர்பெற்ற அது, 65 அமினோ அமிலங்கள் மாலைபோற் கோத்த சிறு புரதமாகும். குருதியை உறையச் செய்யும் திராம்பின் என்னும் என்ஸைமை அது இறுகப் பற்றி முடக்கிவிடும்.

அம்மாலையின் 63-ஆவது மணி டைரோஸின். அதன்மேல் கந்தகம் ஒன்றும் பிராணவாயு மூன்றுமாகிய தொகுதியொன்று ஒட்டியிருக்கிறது. இஃது எங்ஙனம் வந்து சேர்ந்தது?

உயிரணுவிலுள்ள சல்பேட்டு இயல்பாகவே சோம்பற் பொருள். எதனோடும் எளிதிற் கூடாது. ஆதலின் உயிரணு, ஆற்றல் நிறைந்த ஏ.டி.பி. மூலக்கூறுகள் இரண்டைச் செலவிட்டு, அதனைப் பாப்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் பொருளாக மாற்றுகிறது. கூலி சற்று அதிகந்தான்! பாப்ஸ், கால்ஜி உறுப்பினுள் கொண்டுசெல்லப்படுகிறது. வெளியே அனுப்பப்படும் புரதங்கள் அவ்வழியே செல்லும்போது, அங்குள்ள என்ஸைம் கந்தகத் தொகுதியைப் பாப்ஸினின்று கழற்றி டைரோஸினிற் பூட்டுகிறது. கண்ட டைரோஸினிலெல்லாம் பூட்டுவதன்று. பெரும்பாலும் அமிலத் தன்மையுள்ள அண்டையாரைப் பெற்றவற்றையே அது நாடும். மனிதரிடத்து இவ்வென்ஸைம் இருவகைப்படும். இரண்டும் 1998-இல் இனங்காணப்பெற்றன.

புரதமாவது அமினோ அமில வரிசையே என்று எண்ணுவோர் இனிக் கூறுவதைக் கருதுவாராக. ஈஸ்ட்டில் மேற்சொன்ன என்ஸைம் இல்லை. ஆகவே ஈஸ்ட்டைக் கொண்டு மருந்துக்கென ஆக்கிய ஹிருடினில் டைரோஸின் இருந்தும் கந்தகத் தொகுதி இல்லாதொழிந்தது. சுமார் 7000 எடையுள்ள மூலக்கூற்றில் குறைந்தது 80 மட்டுமே; திராம்பினைப் பற்றும் வலிமையோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காயிற்று. ஆயினும் எஞ்சிய வலிமையே போதியதாயிருந்தமையால், அவ்வகை மருந்தாகிய லெபிருடின் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2012 வரை ஆக்கப்பட்டு வந்தது.

இவ்வொட்டுப் பகைவர்க்கும் கைகொடுப்பதுண்டு. நம் வெள்ளணுக்களின் மேலுள்ள சி.சி.ஆர்.5 என்னும் புரதத்தின் டைரோஸின்களிலும் இக்கந்தகத் தொகுதி உண்டு; எய்ட்ஸ் நோயின் வைரசு அதனையே பிடியாகக் கொண்டு உட்புகுகின்றது என்பது 1999-இல் வெளியாயிற்று.