சித்திரையில் அடங்கிய மாசி வீதிகள்

சித்திரை மாதம் மதுரை வியாபாரிக்கு அறுவடைக் காலம். மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறும் முன்பே கீழமாசி வீதியில் மூட்டைகள் வந்து இறங்கும். அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு. பானகத்துக்கு வெல்லம், சுக்கு, ஏலம். அழகரை எதிர்கொள்ளச் செம்பில் நிரப்பும் நாட்டுச் சர்க்கரை, அதன்மேல் ஏற்றும் சூடம் என்று சீட்டுடன் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்லி முடியாது.

2020ஆம் ஆண்டுச் சித்திரை அப்படி அமையவில்லை. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. மளிகைக்கு விலக்கு இருந்ததால், ஏப்ரல் 5 முதல் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரை கடை திறக்க அனுமதித்தார்கள். நான் வண்டியை எடுக்காமல் மேலமாசி வீதிப் பக்கமிருந்து நடந்தே கடைக்குப் போய்வந்தேன்.

நாற்பது ஆண்டுகளாக நடந்த வழிதான். ஆனால் தெற்குமாசி வீதி எவ்வளவு அகலம் என்று அப்போதுதான் தெரிந்தது. நகைக்கடைகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைப் படிகளில் நாய்கள் படுத்திருந்தன. வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. பெருக்க ஆளில்லை, மிதிக்கவும் ஆளில்லை. வண்டிச் சத்தம் இல்லாததால் குயில் கூவுவது வீதி முழுவதும் கேட்டது. தேரடியில் தேர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த ஆண்டு வடம் பிடிக்கவில்லை.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் வியாபாரிக்கு அந்த அமைதி வயிற்றைக் கலக்கியது. கைவண்டிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பஸ் இல்லாததால் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சுமை தூக்குவோர் வர இயலவில்லை. சரக்கு லாரிக்குத் தடையில்லை. ஆனால் ஓட்டுநருக்கு வழியில் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் இல்லை. குண்டூர் வற்றலும் வடநாட்டுப் பருப்பும் தாமதமாகவே வந்தன. வந்த மூட்டையைக் கடைப் பையன்களே இறக்கினார்கள்.

கடை வாசல்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். ஒரு வட்டத்துக்கு ஒருவர். தெருமுனைக் கடைக்காரர்கள்தான் அதிகம் வந்தார்கள். ஊர் அடங்கினாலும் அடுப்பு அடங்காது அல்லவா? மே 4 அன்று அம்மன் திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றிக் கோயிலுக்குள்ளேயே நடந்து, நேரலையில் காட்டப்பட்டது. பெண்கள் வீட்டிலிருந்தே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். புதுமண்டபக் கடைகள் பூட்டியிருந்தன. என்னிடம் சரக்கெடுப்பவர்கள் அந்த வாரம் பருப்போடு மஞ்சள் கயிறும் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

திருவிழாவை நம்பிய வியாபாரிகளின் நிலைதான் பரிதாபம். பொரிகடலை, பேரீச்சம்பழம், விசிறி, பொம்மை விற்பவர்கள் ஆண்டுச் செலவுக்கு வேண்டியதை அந்தப் பத்துப் பதினைந்து நாளில் பார்ப்பவர்கள். அழகர் வைகையில் இறங்கும் விழா 2020இலும் 2021இலும் ஆற்றில் நடைபெறவில்லை. 2022 ஏப்ரலில்தான் மீண்டும் நடந்தது. இரண்டு பருவம் போயிற்று. பேரேட்டில் பாக்கி மட்டும் நின்றது.

மொத்த வியாபாரிகளில் சிலர் பாக்கியை உடனே கட்டச் சொல்லி நெருக்கினார்கள். சிலர் பழைய பாக்கியைத் தனி ஏட்டில் எழுதி, மாதாமாதம் முடிந்ததைக் கொடுக்கச் சொல்லி, புதுச் சரக்கை ரொக்கத்துக்குக் கொடுத்தார்கள். நெருக்கியவர்களுக்குப் பணமும் முழுதாக வரவில்லை, ஆளும் திரும்பவில்லை. தவணை கொடுத்தவர்களிடம் 2022 சித்திரையில் அதே ஆட்கள் சீட்டுடன் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இது தர்மக் கணக்கு அல்ல, வியாபாரக் கணக்கு. சில்லறைக் கடை சாய்ந்தால் மொத்தக் கடை யாருக்கு விற்கும்?

சில்லறை வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அன்று வட்டத்துக்குள் பொறுமையாக நின்றவர்களில் பலர் இன்று கைபேசியில் சரக்கு வரவழைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பது கிராம் கடுகையும் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுத்ததும், தட்டுப்பாட்டிலும் விலையை ஏற்றாததுமே அன்று அவர்களை நம் வாசலில் நிறுத்தின. சாதாரண நாளிலும் அவை இருக்கட்டும்.

வெள்ளமோ, நோயோ, வேறெதுவோ, வீதி மறுபடி அடங்கும் நாள் வரலாம். கொள்முதலில் ஒரு பங்கைக் கடனில்லாமல் வைத்திருங்கள். பாக்கிக் கணக்கை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதி வையுங்கள். கெட்ட காலத்தில் தவணை கேட்கவும் கொடுக்கவும் நாணயம் ஒன்றுதான் ஈடு. அதைச் சேர்க்க வேண்டியது வியாபாரம் நடக்கும் நாளில்தான்.