ஒரு பாட்டுக்கு ஆடினாலும் போதும்

2020-இல் கொரோனா உலகையே முடக்கியபோது, ‘ஜெருசலேமா’ என்ற தென்னாப்பிரிக்கப் பாட்டுக்கு அங்கோலா இளைஞர்கள் சாப்பாட்டுத் தட்டும் கையுமாக ஆடிய வீடியோ சமூக வலைத்தளங்களில் பரவியது. பல நாட்டுச் செவிலியர்களும் அதே ஆட்டத்தை ஆடினார்கள். தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தினமான செப்டம்பர் 24 அன்று ஆடுங்கள் என்று அந்நாட்டு அதிபர் ரமபோசாவே மக்களை அழைத்தார்!

ஆட்டமும் ஓர் உடற்பயிற்சிதான். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. ஒரு பாட்டுக்கு ஆடினாலும் கணக்கில் சேரும். அசைவுகளை நினைவில் வைத்துத் தாளத்துக்குக் கால் மாற்றுவதால் மூளைக்கும் நல்ல வேலை. முழங்கால் வலி உள்ளவர்கள் குதிக்காமல் ஆடுங்கள். ஈரத் தரையில் மட்டும் யாருமே ஆட வேண்டாம்.