விடை சொல்லாத வாத்தியார்

எரிமலை என்றால் என்ன என்று போர்ட் பிளேரில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை ஒன்று பொதுவான சாட்பாட்டிடம் கேட்டால், வெசூவியஸும் ஃபூஜியும் முதலில் வந்து நிற்கக்கூடும். அந்தப் பிள்ளையின் ஊரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில், நடுக்கடலில், இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பாரன் தீவு இருக்கிறது. 1787இல் அது வெடித்ததைக் கப்பலில் போனவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்துவிட்டு 1991இல் மறுபடி விழித்தது. பாராட்டாங் போனால் சேற்று எரிமலையைக் கிட்டத்தில் நின்றே பார்க்கலாம். தீவில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இதெல்லாம் அத்துபடி. இயந்திரத்துக்கு அவர்தான் சொல்லித் தர வேண்டும்.

அந்தமான் நிக்கோபார் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இயங்குகின்றன. ஆங்கிலம், இந்தி மட்டுமல்லாமல் தமிழ், வங்காளம், தெலுங்கு வழியிலும் வகுப்புகள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், அதில் ஏறத்தாழ 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். இணையம் நெடுங்காலம் செயற்கைக்கோளை நம்பி, நத்தை வேகத்தில் ஊர்ந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வடம் வந்து சேர்ந்தது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் வரை கிளை விடும் அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதன் பிறகுதான், வகுப்பறைக்கென்று ஒரு சாட்பாட் என்பது மெயின்லேண்டுக்கு மட்டுமான பேச்சாக இல்லாமல் போனது.

அப்படி ஒன்றைச் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 2023 நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம், எவரும் தமக்கென ஒரு சாட்ஜிபிடியை அமைத்துக்கொள்ள வழி திறந்தது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. ஆசிரியர் தர வேண்டியவை இரண்டு. ஒன்று, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற முன்கட்டளை. இன்னொன்று, பாடப்பகுதியும் தன் குறிப்புகளும். கொடுத்த பக்கங்களைச் செயலி சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் பொருளையும் எண்களின் வரிசையாக மாற்றி வைத்துக்கொள்ளும். கேள்வி வந்தால் அதையும் எண்ணாக்கி, அதற்கு மிக நெருக்கமான துண்டுகளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பதில் எழுதும். பாரன் தீவு பற்றி ஆசிரியர் எழுதிய அரைப் பக்கம் அந்தக் கோப்பில் இருந்தால், வெசூவியஸுக்கு முன்னால் அது வந்து நிற்கும்.

எதைச் சொல்ல வேண்டும் என்பது எளிய பாதி. எதைச் சொல்லக் கூடாது என்பதில்தான் வடிவமைப்பே இருக்கிறது என்று நினைக்கிறேன். 2016இல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல் தன் இணையவழி வகுப்புக்கு ‘ஜில் வாட்சன்’ என்ற உதவியாளரை அமர்த்தினார். முந்தைய வகுப்புகளின் விவாதக் களத்தில் வந்த சுமார் 40,000 பதிவுகளில் பயின்ற மென்பொருள் அது. 97 சதவீத உறுதி இருந்தால் மட்டுமே அது வாய் திறக்கும். மற்றபடி கேள்வி மனித உதவியாளர்களிடம் போய்விடும். அது இயந்திரம் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியவில்லை.

துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு இதைவிட அழுத்தமாகப் பேசுகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1,000 பிள்ளைகள், பாடம் கணிதம். ஒரு பிரிவினருக்குச் சாதாரண சாட்பாட் தரப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு, விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி, பிள்ளைகள் வழக்கமாக எங்கே சறுக்குவார்கள் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டு ஊட்டப்பட்ட ஒன்று. மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும்தான். பயிற்சியின்போது முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் சாதித்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட்டோடு பழகியவர்கள், எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். தாங்கள் பின்தங்கியதே அவர்களுக்குத் தெரியவில்லை. குறிப்பு மட்டும் பெற்ற பிரிவில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. இரண்டு செயலிக்கும் அடியில் இருந்தது ஒரே மொழி மாதிரிதான். வித்தியாசம், விடை தராதே என்ற கட்டளையும் ஆசிரியர்களிடமிருந்து வந்த அந்த விவரங்களும்.

பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியர்களிடமிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. கர்நாடகத்தில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் சிக்ஷணா அறக்கட்டளையும் சேர்ந்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்காக உருவாக்கிய ‘சிக்ஷா கோபைலட்’, மாநிலப் பாடநூலை வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பாடக்குறிப்பு எழுத உதவுகிறது. அதைத் திருத்துவதும் ஏற்பதும் ஆசிரியரின் கையில்.

தமிழுக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. ‘எரிமலை’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு 18 பைட். ஆங்கிலத்தின் ‘வால்கேனோ’ 7 பைட்டில் முடிந்துவிடும். மொழி மாதிரிகள் சொற்களை வெட்டும் முறையும் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே தோதாக இருப்பதால், அதே பாடத்தைத் தமிழில் நடத்தக் கூடுதல் செலவாகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ போன்ற குழுக்கள் இந்திய மொழிகளுக்காகச் செய்யும் வேலை இதனால்தான் தீவுப் பள்ளிக்கூடம் வரைக்கும் தேவைப்படுகிறது.

சாட்பாட்டைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஆசிரியர் ஒரு மாலை முழுக்க மாணவராக உட்கார்ந்து அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தப்பும் தவறுமாக, இந்தி கலந்து, வீட்டுப்பாடத்தை அப்படியே எழுதித் தரச் சொல்லி. நிலநடுக்கப் பாடம் வரும்போது இன்னொரு கேள்வியும் வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோன சொந்தங்களைப் பற்றி இந்தத் தீவுகளின் எத்தனையோ வீடுகளில் இன்றும் பேச்சு உண்டு. ‘எங்க தாத்தாவை ஏன் கண்டுபிடிக்கலை?’ என்று ஒரு பிள்ளை தட்டச்சு செய்யலாம். முன்கட்டளையின் கடைசி வரி அதற்காக இப்படி இருக்கட்டும்: ‘சுனாமியில் போன தன் வீட்டாரைப் பற்றிப் பிள்ளை கேட்டால் எதையும் விளக்காதே. டீச்சரிடம் வரச் சொல்.’