ஒரு லட்சத்து இருபதாயிரம் பெருக்கல் குறிகள்

அகலத்தில் 300 கட்டம், உயரத்தில் 400 கட்டம் கொண்ட, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைக்கும் ஒரு கிராஸ் ஸ்டிச் படத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000 தையல்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் ஐடா துணியில் இதன் அகலம் 21 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், உயரம் 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சுவரில் மாட்டினால் அப்படியொன்றும் பிரமாண்டமாகத் தெரியாது. மணிக்கு நூறு தையல் போடுகிற கைக்கு 1,200 மணி நேர வேலை. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று ஆண்டுக்கு மேல்.

நூல் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மில்லிமீட்டர். துணியின் மேலே இரண்டு மூலைவிட்டங்கள், அடியில் இரண்டு நேர் இழுப்புகள். பிதாகரஸைத் துணைக்கு அழைத்தால், ஒரு தையலுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நூல் போகிறது. முழுப் படத்துக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். எட்டு மீட்டர் நீளமுள்ள ஆறு இழை நூல்கண்டை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஆக, முடிச்சிலும் நுனியிலும் வீணாவதைச் சேர்க்காமலே 44 கண்டு வேண்டும்.

இதில் மிரட்டும் கணக்கு எதுவும் இல்லை. முதல் நாள் போட்ட நூறும் நூறுதான், ஐந்நூறாவது நாள் போடும் நூறும் நூறுதான். ஆனாலும் பெரிய படத்தில் கைவைத்தவர்கள் பலர் ஒரே புகாரைச் சொல்வார்கள்: ஆரம்பத்தில் மளமளவென்று வளர்ந்த வேலை, நடுவில் அசையவே மாட்டேன் என்கிறது. கை அதே வேகத்தில்தான் போகிறது. அதை அளக்கிற மனசு வேறு கோலை வைத்திருக்கிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் என்ற உடலியல் அறிஞர், மனிதர்கள் கையில் எடைகளைக் கொடுத்துப் பார்த்து 1834இல் ஒரு செய்தியை வெளியிட்டார். கூடுதலாக வைத்த எடை நமக்கு உறைப்பது, ஏற்கெனவே கையில் இருக்கும் எடையோடு அதற்குள்ள விகிதத்தைப் பொறுத்தது. வேபர் ஊசி நூலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இந்த விகிதத்தைத் தையலுக்கு நீட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 200 தையல் இருக்கும்போது ஏறும் நூறு, இருந்ததில் பாதி. 60,000 இருக்கும்போது ஏறும் அதே நூறு, அறுநூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு எப்படித் தெரியும்?

மின்ஜங் கூ, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் இதற்குப் பக்கத்தில் உள்ள ஒன்றைக் காட்டினார்கள். தொடக்கத்தில் முடிந்ததைப் பார்ப்பவருக்கும், இறுதியில் மிச்சத்தைப் பார்ப்பவருக்கும் ஊக்கம் கூடுகிறது. அதாவது இரண்டில் எது சிறியதோ அதைப் பார்க்க வேண்டும். சிக்கல் நடுவில். அங்கே இரண்டுமே பெரிது.

துணியில் பத்துக்குப் பத்தாகக் கோடு போட்டுக்கொள்வது இதனால்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். தண்ணீரில் கரையும் பேனாவால் போடுவார்கள், அல்லது பிறகு உருவிவிடலாம் என்று வழுக்கலான தூண்டில் நரம்பை ஓட்டுவார்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்க என்பது வெளிக்காரணம். கற்றுக்குட்டிகளின் ஊன்றுகோல் என்று இதை இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1934இல் நாற்பது அடி நீளப் பாதையில் எலிகளை ஓடவிட்டார். உணவு நெருங்க நெருங்க அவற்றின் ஓட்டம் வேகமெடுத்தது. எலிக்கு முடிவு ஓரிடத்தில்தான். கட்டம் போட்டவருக்கோ 1,200 முடிவுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத் தொலைவில்.

இத்தனைக்குப் பிறகும் படம் தெரியவில்லை என்றால், குற்றம் தூரத்தின் மீது. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். 1.8 மில்லிமீட்டர் கட்டம் அந்த அளவுக்குச் சிறுக்க, ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மடியில் வைத்துத் தைப்பவருக்கு ஒவ்வொரு பெருக்கல் குறியும் தனித்தனியாக நிற்கிறது. முகத்தை மாதக்கணக்கில் தைத்தவருக்கு அது புள்ளிக் குவியல்; கதவருகே நிற்கும் விருந்தாளிக்கு அது முகம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தை ஒருசில நூறு சாம்பல் சதுரங்களாகச் சிதைத்தார். நெருங்கிப் பார்த்தால் வெறும் சதுரம். கண்ணைச் சுருக்கினால் லிங்கன். 1973இல் அவரும் பேலா யூலெஸும் காரணத்தை விளக்கினார்கள். சதுரங்களின் கூர்மையான ஓரங்கள் மூலப்படத்தில் இல்லாதவை. அந்தப் புதுக் கூர்மைதான் பின்னாலிருக்கும் பெரிய வடிவங்களை மறைக்கிறது. கண்ணைச் சுருக்கினால் ஓரம் மழுங்குகிறது, முகம் வெளிவருகிறது. சல்வடோர் டாலி 1976இல் இந்த லிங்கனை ஓவியமாக்கி, இருபது மீட்டரில் தெரிவார் என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார். தைப்பவருக்கு அத்தனை பெரிய கூடம் எங்கே? கைபேசியில் படமெடுத்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் போதும், விளைவு ஒன்றே.

நிறமும் ஏமாற்றும். பாரிஸின் கோப்லன் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் இயக்குநராக 1824இல் வேதியியலாளர் செவ்ரல் பொறுப்பேற்றபோது, கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்ற புகார் அவரிடம் வந்தது. சாயத்தைச் சோதித்தார், பழுதில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால் கறுப்பு வெளிறித் தெரிந்திருக்கிறது. ஒரு நிறம் தன் அண்டைநிறத்தின் எதிர்நிறச் சாயலைக் கண்ணுக்குள் பெறுகிறது என்று ஆராய்ந்து, 1839இல் தடித்த நூலாகவே எழுதினார்.

ஆகவே, நிற எண் மாறி நூல் எடுத்துவிட்டோமோ என்று தையலைப் பிரிக்குமுன் அந்த இழையைத் தனியே ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, அட்டவணையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவது நல்லது. எண் சரியாக இருந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடலாம். வெற்றுத் துணியின் வெண்மைக்கு நடுவே கன்னத்தின் இளஞ்சிவப்பு கறுத்துத்தான் தெரியும். சுற்றிலும் கூந்தல் ஏறிய பிறகே அது தோல் நிறத்துக்கு வரும். கூந்தல் தையல் வரைபடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தால், அதுவரை பொறுக்க வேண்டியதுதான்.