நெரோலி: ஒரு டன் பூவில் ஒரு கிலோ எண்ணெய்

கசப்பு ஆரஞ்சு மரத்தின் வெள்ளைப் பூவிலிருந்து நீராவியால் வடித்தெடுப்பது நெரோலி எண்ணெய். 17-ஆம் நூற்றாண்டில், ரோம் நகருக்கு அருகிலுள்ள நெரோலாவின் இளவரசி தம் கையுறைகளிலும் குளிக்கும் நீரிலும் இந்த மணத்தைச் சேர்த்துக்கொண்டாராம். பெயர் அப்படி வந்தது. துனீசியாவின் நாபுல் பகுதியில் வசந்தம் பிறந்தால் எங்கும் பூப்பறிப்புதான். கையால் பறிக்கும் பூ ஏறக்குறைய ஒரு டன் சேர்ந்தால்தான் ஒரு கிலோ எண்ணெய்! எண்ணெய் பிரிந்தபின் மிஞ்சும் நீரும் வீணாவதில்லை; இனிப்புகளுக்கு மணமூட்டும் ஆரஞ்சுப் பூ நீர் அதுதான்.

மனப் பதற்றம் தணியவும் உறக்கம் வரவும் நறுமண சிகிச்சையில் நெரோலி எண்ணெயை முகரச் செய்கிறார்கள். ஆனால் மருந்துக்கு இது மாற்று அல்ல. தோலில் நேரடியாகத் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்து தடவுங்கள்.