குரங்கு கற்றுக்கொடுத்த பிரேக்!

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. பின் சீட்டில் மனைவி, மாமியார், ஊட்டி வர்க்கி இரண்டு பாக்கெட். பர்லியாருக்குச் சற்று மேலே ஒரு வளைவில், நடுரோட்டில் குரங்கு ஒன்று திண்ணையில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

'கடகடகட' என்று அடியிலிருந்து சத்தம். பெடல் காலைத் திருப்பி உதைத்தது. 'போச்சு, எதுவோ உடைஞ்சுபோச்சு!' என்று காலை எடுத்துவிட்டேன். கார் முன்னால் பாய்ந்தது. குரங்கு என்னைவிடப் புத்திசாலி, தாவிவிட்டது. மறுபடி மிதித்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன்.

பர்லியார் டீக்கடையில் என் கை நடுங்குவதைப் பார்த்த கேரட் லாரி டிரைவர், "ஏனுங்க தம்பி, பேயைப் பார்த்தீங்களா?" என்றார். சொன்னேன்.

"ஏ.பி.எஸ். வண்டிங்களா? அப்ப உடையலைங்க. வேலை செஞ்சிருக்கு!"

விஷயம் இதுதான். ஈர ரோட்டில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கினால், ஸ்டியரிங் சும்மா அலங்காரம். சக்கரம் பூட்டப்போவதை சென்சார் சொன்னதும், வால்வுகள் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை விநாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கின்றன. அந்த வால்வும் பம்ப்பும் போடும் கூச்சல்தான் 'கடகட'. அப்போது காலை எடுக்கவே கூடாது. அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். 'விட்டு விட்டு மிதி' என்று டிரைவிங் ஸ்கூலில் படித்ததெல்லாம் பழைய பாடம். 1978-ல் பென்ஸ் காரில் வந்த சமாசாரம், நம் நாட்டில் 2019 ஏப்ரலில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது. கார் வந்துவிட்டது, நமக்குத்தான் சொல்லித்தர ஆளில்லை!

காலையில் வண்டி கிளம்பியதும் ஒரு தடவை 'டக்' என்று கேட்கிறதா? அதுவும் பயமில்லை. ஏ.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது.

பயப்பட வேண்டியவை வேறு. லேசாக மிதித்தாலே 'கீச்' என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். 'கர்ர்ர்' என்றால் இரும்பும் இரும்பும் உரசுகிறது, அன்றைக்கே ஒர்க்ஷாப். காய்ந்த ரோட்டில் மெதுவாக நிற்கப்போகும்போது 'கடகட' வந்தால் சென்சாரில் கோளாறோ அழுக்கோ. ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால் பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க ஆளிருக்காது.

பேசிக்கொண்டே என் முன் சக்கரத்தருகே குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"சத்தத்துக்குப் பயந்தீங்க... இந்தத் தீய்ஞ்ச வாசனை தெரியலீங்களா? எந்த கியர்ல இறங்குனீங்க?"

"நாலாவதுலதாங்கண்ணா..."

தலையில் அடித்துக்கொண்டார். வழியெல்லாம் பிரேக்கிலேயே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுமாம். சத்தமே வராதாம். ஏ.பி.எஸ்.ஸும் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்குமாம்.

அரைமணி நேரம் பிரேக்கை ஆறவிட்டு, இரண்டாவது கியரில் இஞ்சின் உறும உறும இறங்கினேன். பின்னாலிருந்து மாமியார் குரல்:

"மாப்பிள்ளை, இப்ப எதுவோ சத்தம் வருதே... உடைஞ்சுபோச்சா?"